இடது கண்ணுக்கு ஒன்பது

டாக்டர் எதற்கு ‘ஐயோ’ என்றாள் என்பதிலேயே சிகாமணியின் புத்தி முட்டிக்கொண்டு நின்றது. கண்ணைத் திறக்க வழியில்லை. திறந்தால் ஜன்னல் திரைக்கும் சுவருக்கும் நடுவே கிடக்கிற விரலளவு வெளிச்சம் நேராக வலது கண்ணுக்குள் ஆணி மாதிரி இறங்கும். ஆகவே மூடிய கண்ணோடு மல்லாந்து கிடந்து, அந்த ஐயோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். காலையில் போன் வந்ததும் மனைவி தமயந்தி ஸ்பீக்கரைப் போட்டு அவன் நெஞ்சின் மேல் வைத்தாள். ‘குட்மார்னிங் மாஸ்டர். வலிக்கு, பத்துக்கு எத்தனை மார்க்?’ என்று டாக்டர் ஹெப்சிபா கேட்டாள். ‘இடதுக்கு ஒன்பது டாக்டர், வலதுக்கு ரெண்டு’ என்றான். உடனே அந்த ஐயோ. சாதாரண ஐயோ இல்லை; ஐ நீண்டு, யோ வெளியே வராமல் தொண்டையிலேயே தங்கிப்போன ஐயோ. ஒன்பது மார்க் வாங்கினவனைப் பார்த்து ஐயோ என்று சொல்கிற ஊர் எங்காவது உண்டா? ரெண்டு வாங்கிய வலது கண்ணைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பாட்டுக்கு எரிந்துகொண்டு கிடக்கிறது. ‘மத்தியானம் திரும்பக் கூப்பிடுவேன் மாஸ்டர். அப்பவும் இடது ஒன்பதுன்னா அந்தச் சொட்டு மருந்த நிறுத்திரணும். ஆட்டோ பிடிச்சு வந்திருங்க, கண்ணுல சீழ் எதும் வச்சிருக்கான்னு பாப்போம். உங்கள ஆராய்ச்சிலேருந்து எடுத்துட்டுக் கவரப் பிரிக்க வேண்டியதுதான்’ என்றாள். சீழாம். வகுப்பிலேயே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற ஒரே பையனைக் கூப்பிட்டு, உன் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்க்கிற கதையாக இருக்கிறது. அவனுடைய இடது கால் தானாக நீண்டு போர்வைக்குள் எதையோ மிதித்தது. பதினோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து, ஓட்டுகிறவர்கள் மறந்துபோகிற பிரேக்கை எல்லாம் மிதித்த கால். கட்டிலில் பிரேக் இல்லை. கால் மெத்தையை மிதித்து ஏமாந்து திரும்பியது.

அந்தக் காரால்தான் இந்த ஆபரேஷனே. புதிதாக ஓட்டுகிறவர்கள் எருமையைக் கண்டாலும் பிரேக் போடுவார்கள், எருமை போன பிறகும் பிரேக் போடுவார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவனுடைய சோடாபுட்டிக் கண்ணாடி மூக்கைவிட்டுக் கிளம்பி டேஷ்போர்டில் போய் விழும். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு வண்ணார்பேட்டை மேம்பாலம் மட்டும்தான் தெரியும், அதன் மேல் வருகிற பஸ் தெரியாது. கண்ணாடியைத் துழாவிக்கொண்டே ‘பயப்படாதீங்க, பயப்படாதீங்க’ என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டு எத்தனை நாளைக்கு ஓட்டுவது? ஹெப்சிபாவும் அவனிடம் ஓட்டப் பழகியவள்தான். வெள்ளைக் கோட்டை மடித்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு வந்து உட்காருவாள். புத்திசாலிப் பெண், ஆனால் கிளட்சும் அவளும் ஜென்மப் பகை. லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் அவளை மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை வண்டியைவிட்டு இறங்கி அவள் பேசிய குரலும் இன்று காலைக் குரலும் ஒன்று. அதுதான் இவனை அரித்தது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ கெட்டது நடக்கிறது, அதற்குத் தன்னுடைய இடது கண் காரணம், எப்படி என்றுதான் தெரியவில்லை.

கண்ணின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு லேசர் காட்டுவார்கள், மேலே மெல்லிய லென்ஸ் ஒன்றை மூடி வைப்பார்கள், தோல் வளர்கிற வரைக்கும் வலிக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சுரண்டி என்ற சொல்லை அப்போது அவன் சரியாகக் கவனிக்கவில்லை. தேங்காய் ஞாபகம் வந்ததோடு சரி. ‘மாஸ்டர், நான் படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி பண்ணுதேன், அதுல சேருதீங்களா?’ என்று ஹெப்சிபா கேட்டபோது, லைசென்ஸ் வாங்கிய மாணவி வந்து ஸ்வீட் பாக்ஸ் நீட்டியது போல அவனுக்குக் குளிர்ந்துபோயிற்று. ரெண்டு குப்பி. ஒன்றில் கண்ணை மரத்துப்போக வைக்கிற மருந்து, இன்னொன்றில் வெறும் கண்ணீர் மாதிரித் தண்ணீர். சிவப்பு மூடி வலது கண்ணுக்கு, நீல மூடி இடது கண்ணுக்கு. எதில் எது என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, ஒட்டிய கவருக்குள் இருக்கிறது. அவள் கூப்பிடும்போதெல்லாம் இவன் மார்க் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கவரில் என்ன இருக்கிறது என்று சிகாமணிக்கு முதல் சொட்டிலேயே தெரிந்துவிட்டது. நீல மூடி விழுந்த சில நொடிகளில் இடது கண் அவனுடையதாக இல்லாமல் போயிற்று. பல்லைப் பிடுங்குகிறவர் ஊசி போட்ட பிறகு உதடு இன்னொருவருடைய உதடாகி விடுகிறதே, அந்த மாதிரி. சிவப்பு மூடியோ பச்சைத் தண்ணீர். விழும்போது ஜில்லென்று ஒரு ஆசை காட்டும். பிறகு வெங்காயம், பிறகு மணல், பிறகு மணலுக்குள் யாரோ மறந்து விட்டுப்போன குண்டூசி. இவன் கண்ணை இறுக்க, கண்ணுக்குள் இருக்கிறது இவனை இறுக்க, ரெண்டு நாளாக மல்லுக்கட்டு. ஒரே முகத்தில் பிறந்த ரெண்டு கண், ஒன்று பேங்க்கில் வேலை பார்க்கிற பெண்மணி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இன்னொன்று பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறது. அதனால்தான் ஒன்பதும் ரெண்டும். இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. பத்து போட்டிருக்கலாம், ஆனால் சிகாமணி எவருக்கும் பத்து போட்டதில்லை. போட்டால் மறுநாளே மேம்பாலத்தில் ஒரு கையால் ஓட்டுவார்கள்.

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஒருத்தி அழுதாள். அவளுக்கென்ன, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறாள். தெருவில் காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் தக்காளி, கத்திரிக்காய், தக்காளி என்று போயிற்று. தக்காளி ரெண்டு முறை வந்ததா, இல்லை தனக்குத்தான் ரெண்டு முறை கேட்டதா என்று யோசித்தான். காது நன்றாக இருக்கிறது. காதுக்கு எட்டு போடலாம். மருந்தை நிறுத்திவிடுவேன் என்கிறாளே, எதற்கு நிறுத்த வேண்டும்? ஒருவேளை மருந்து தட்டுப்பாடாக இருக்குமோ. ஒன்பது வாங்கிய கண் தேறிவிட்டது, இனி அதற்கு மருந்து வீண், தேறாத வேறு யாருக்காவது கொடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் கணக்குப் போட்டிருப்பார்கள். ஹெப்சிபாவுக்குப் பாவம் மனசு கேட்கவில்லை, ஐயோ என்றிருக்கிறாள். இப்போது எல்லாம் ஒட்டி வருகிற மாதிரி இருந்தது. நன்றாகப் படிக்கிறவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துகிற நியாயம் என்றாலும் நியாயம் நியாயம்தான். ஆனால் இடதும் வலது மாதிரி ஆகிவிட்டால்? ரெண்டு பக்கமும் பஸ் ஸ்டாண்ட் ஆகிவிட்டால்? மத்தியானம் இடது கண்ணுக்கு ஆறு என்று சொல்லிவிடலாமா? ஆறு மோசமில்லை, தேறினதும் இல்லை, குப்பியைப் பிடுங்க மாட்டார்கள். பதினோரு வருஷத்தில் அவன் ஒருவருக்கும் மார்க்கை மாற்றிப் போட்டதில்லை. ஒரு நகைக்கடைக்காரர் மகனுக்கு ரிவர்ஸுக்கு மூன்றுதான் போட்டான்; நகைக்கடைக்காரர் அத்தோடு பேச்சை நிறுத்தினார். இப்போது சொந்தக் கண்ணுக்கு மாற்றுவதா? அதுவும் குறைத்துத்தானே போடுகிறோம், குறைத்துப் போடுவது ஊழலா? வலது கண் இந்த நேரம் பார்த்து ஒரு குத்துக் குத்தியது. அவன் ‘ஸ்’ என்று மூச்சை இழுத்தான்.

‘இடதா?’ என்று கேட்டுக்கொண்டே தமயந்தி ஓடி வந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ஈரத்துணியை இடது கண்ணின் ஓரத்தில் ஒத்தினாள். மேஜை விசிறியையும் இடப்பக்கமாகத் திருப்பிவைத்தாள். ரெண்டு நாளாக இப்படித்தான். இடது கண்தான் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வலது கண் பக்கம் அவள் பாத்திரம் வைக்கிறாள், போர்வையை உதறுகிறாள், காலையில் முழங்கையே பட்டது. ‘இந்தப் பக்கம் பரவால்ல, ரெண்டுதான’ என்று வேறு சொல்லிக்கொண்டாள். பரவாயில்லையாம். ரெண்டு வாங்கினது எப்படிப் பரவாயில்லையாகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கல்யாணமான இந்த எட்டு வருஷத்தில் கேட்காத ஒரு குரல். சாமிக்குப் படைக்கிறதை எடுத்துக்கொண்டு வருகிறவள் நடக்கிற மாதிரிப் பேசினாள். ‘ஒரு வாய் ரசம் குடிக்கியளா? கத்தணும்னா கத்துங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்’ என்றாள். அந்தக் குரலுக்கு முன்னால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னான். அதுவும் பெரிய மனுஷத்தனமாக வந்தது. அவள் ‘உச்’ கொட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கேயிருந்து அவள் போனில் பேசுவது கேட்டது. தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவளுடைய அண்ணனிடம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் காலில் ஆணி குத்தியதற்கு ஊசி போடப்போய் சிகாமணி மயங்கி விழுந்ததை வருகிற போகிறவர்களிடம் நடித்துக் காட்டுகிற அண்ணன். ‘நீ என்னமோ அன்னைக்கு அப்பிடிச் சிரிச்ச. வந்து பாரு. ஒன்பது வலி அண்ணே. பத்துக்கு ஒன்பது. டாக்டரே ஐயோன்னுட்டாங்க. இவுகட்ட ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பிரசவ வலியே ஏழுதான் இருந்திருக்கும், நான் ஆஸ்பத்திரிய ரெண்டாக்கிட்டேன்லா.’

ஒன்பது வலி. சிகாமணி அந்த ரெண்டு சொல்லையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தான். ஒன்பது. வலி. பிறகு ஒன்றாக வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் வலது கண்ணே மறந்துபோயிற்று. வலிக்கு, பத்துக்கு எத்தனை மார்க். அவள் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கேட்டாள். வலிக்கு என்றால் இந்தப் பாளையங்கோட்டைப் பேச்சில் வலிக்கிறது என்றும் அர்த்தம். வலிக்கு, எனக்குத் தெரியும் மாஸ்டர், பாவம், சரி மார்க்கைச் சொல்லுங்கள் என்று ஒரு பிள்ளை அனுசரணையாகப் பேசுகிறது என்றல்லவா இவன் எடுத்துக்கொண்டான்? மார்க் என்று வந்துவிட்டால் அவனுக்கு வேறு என்ன தோன்றும்? தினமும் வகுப்பு முடிந்து இறங்கும்போது ‘இன்னைக்குக் கிளட்சுக்கு நாலு, ஸ்டியரிங்குக்கு ஏழு’ என்று இதே பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன்தானே? கண்ணுக்கு மார்க் கேட்கிறாள் என்று நினைத்து, நல்ல கண்ணுக்கு ஒன்பதும் நாசமாய்ப் போன கண்ணுக்கு ரெண்டும் போட்டுவிட்டான். அதாவது மருந்து விழுந்த கண் வலித்துத் துடிக்கிறது, தண்ணீர் விழுந்த கண் சுகமாக இருக்கிறது என்று ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். முதல் நாள் ஏழு என்றதற்கே ‘அச்சச்சோ’ என்றாளே. அவன் உடனே ‘தேங்க்ஸ் டாக்டர்’ என்றானே. தேங்க்ஸ்! அந்தத் தேங்க்ஸ் இப்போது கண்ணைவிட அதிகமாக எரிந்தது.

இனி என்ன செய்வது? சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். மத்தியானம் கூப்பிடும்போது வலதுக்கு எட்டு, இடதுக்கு ஒன்று என்று சொன்னால் தீர்ந்தது. குப்பியை நிறுத்த மாட்டார்கள், ஆட்டோ வேண்டாம், தமயந்தியின் விசிறி சரியான பக்கம் திரும்பும். ஒன்பது வலியைத் தாங்கிய மனுஷனுக்கு அடுத்த கண்ணில் எட்டு வந்திருக்கிறது, பாவம், என்று தூத்துக்குடி வரைக்கும் போய்ச் சேரும். ஆனால் அவளுடைய ஆராய்ச்சி? இத்தனை நாள் தண்ணீர் வேலை செய்தது, இன்று மத்தியானம் முதல் மருந்து வேலை செய்கிறது என்று அந்தப் பெண் எழுதுவாள். அவளுக்கு மேலே உள்ள டாக்டர் படிப்பார். அதற்கும் மேலே எங்கோ குளிர் ஊரில் ஒருவர் படிப்பார். தண்ணீரே போதும் என்று முடிவு கட்டுவார்கள். அந்த ஊரில் கண்ணைச் சுரண்டிக்கொண்ட ஒரு லாரி டிரைவர் கட்டிலில் மல்லாந்து கிடப்பான், கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டு, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு. அந்த டிரைவரின் முகம் சிகாமணிக்கு நன்றாகவே தெரிந்தது. சிவப்பு மீசை. இல்லை, உண்மையைச் சொல்வது என்றால், டாக்டரிடம் மட்டும் சொல்ல முடியுமா? போனைத் தமயந்திதான் பிடிப்பாள், ஸ்பீக்கரில் போடுவாள், அதுவும் இப்போது அவளுக்கு அந்த ஒன்பதை நேரில் கேட்பதில் ஒரு இது வந்துவிட்டது. போனைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லலாம். ஏன் என்பாள். தண்ணீர் கொண்டா என்று அனுப்பலாம். செம்பைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தன் வீட்டில் வீரனாகக் கிடந்திருக்கிறான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததால் அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. நான் வீரன்தானே, எட்டு வலியைத் தாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்று ஒரு எண்ணம் வந்தது. மூடிக்கொண்டிருந்தேனா, அல்லது ரெண்டு மார்க் போட்டு அந்தக் கண்ணைத் திட்டித் தீர்த்ததில் வலியைச் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேனா? எட்டு என்பது சரியா, ஏழரையா? குக்கர் ஒரு விசில் கொடுத்தது. அடுத்த விசிலுக்குள் முடிவு செய்கிறேன் என்று நினைத்தான். அடுத்த விசிலும் வந்தது. இன்னொன்று பார்ப்போம் என்று கிடந்தபோது போன் அடித்தது.

தமயந்தி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ‘மாஸ்டர், வலிக்கு எத்தனை மார்க்?’ என்று ஹெப்சிபா கேட்டாள். காலைக் குரல்தான், இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. சிகாமணியின் நாக்கு வலதுக்கு எட்டு என்பதற்காக எழுந்து, ‘டாக்டர், ஒரு சின்ன சந்தேகம்’ என்றது. ‘சொல்லுங்க மாஸ்டர்.’ ‘மார்க்கு வலிக்கா, கண்ணுக்கா?’ ‘புரியல.’ ‘நான் கண்ணுக்குப் போட்டுட்டேன்.’ ‘கண்ணுக்குன்னா?’ ‘நல்லா இருக்க கண்ணுக்கு ஒன்பது. வலிக்க கண்ணுக்கு ரெண்டு. நம்ம கிளட்சுக்குப் போடுவோம்லா, அந்த மாதிரி. நீங்க வலிக்கில்லா கேட்டிருக்கீங்க.’ தமயந்தியின் வளையல் சத்தம் நின்றுபோயிற்று. விசிறி மட்டும் தன்பாட்டுக்கு இடது கண்ணுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ‘முதல்லேருந்தேவா?’ என்று டாக்டர் கேட்டாள். ‘முதல்லேருந்தே.’ நாற்காலியை இழுத்து யாரோ உட்காருகிற சத்தம் வந்தது. ‘மாஸ்டர், நான் எல்லார்ட்டயும் மார்க்குன்னுதான் கேட்டேன்’ என்றாள். எத்தனை எல்லார் என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. ‘மத்தவங்க உங்கள மாதிரி நெனச்சிருக்க மாட்டாங்க’ என்று அவளே, பாதி கேள்வியாகச் சொன்னாள். ‘நெனச்சிருக்க மாட்டாங்க டாக்டர். நான் டிரைவிங் ஸ்கூல்காரன், அதனால வந்த கோளாறு.’ ‘நேத்து ஒரு டீச்சரம்மா மட்டும் அரை மார்க் சேத்துப் போடட்டுமான்னு கேட்டாங்க.’ ‘அவங்கட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க டாக்டர்.’ போனில் ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம், மூக்கிலிருந்து வந்தது. பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘சரி, மார்க்க விடுங்க. இப்ப வலிக்கா மாஸ்டர்?’ என்று கேட்டாள். ரெண்டு நாளாக யாரும் அவனிடம் இப்படிக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ‘வலிக்கும்மா’ என்றான். டாக்டர் என்பது எங்கோ விழுந்துவிட்டது. ‘எந்தக் கண்ணு?’ ‘வலது.’ ‘எவ்வளவு?’ ‘ரொம்ப.’ ‘ரொம்பன்னு எழுத இதுல இடமில்ல மாஸ்டர்.’ ‘அப்ப எட்டு.’ ‘இடது?’ ‘அது ஒண்ணு. அது பாவம் ஒண்ணுமே பண்ணல. அந்த மருந்த நிறுத்திராதீங்க.’ ‘நிறுத்தல. வலதுக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்புதேன், போட்டுட்டுத் தூங்குங்க. பழசெல்லாம் எப்பிடி நடந்துச்சோ அப்பிடியே எழுதி, எங்க பெரிய டாக்டர் மேடத்துட்ட காட்டுதேன்’ என்றாள். மேடம் என்ற சொல்லில் மட்டும் குரல் லேசாக ஆடியது. போன் அணைந்தது.

அறையில் இப்போது அவனும் தமயந்தியும்தான். அவள் எழுந்து போகவில்லை. கட்டில் அவள் பக்கம் தாழ்ந்தே இருந்தது. கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்துவிடலாமா என்று நினைத்தான். திறந்தால் வெளிச்சம் ஆணியாக இறங்கும், இறங்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. திறக்கவில்லை. அவள் சிரித்தால் தேவலை. அண்ணனிடம் சொல்லிவிட்டோமே என்று ஒரு பாட்டம் திட்டினால்கூடத் தேவலை. ‘தேங்க்ஸ் டாக்டர்னு வேற சொன்னிய’ என்று ஆரம்பித்தால் அதற்கு என்ன பதில் சொல்வது? அவள் மூச்சு விடுவது கேட்டது. எதையோ கணக்குப் போடுகிறவள் விடுகிற மூச்சு.

‘வலது எட்டா?’ என்று கேட்டாள்.

‘எட்டு.’

‘ரெண்டு நாளாவா?’

‘ரெண்டு நாளா.’

அவள் மேஜை விசிறியை வலப்பக்கமாகத் திருப்பிவைத்தாள். பிறகு, ‘ஒன்பதுக்கு ஒண்ணுதான கொறையுது’ என்றாள்.